நெற்றிக்குப் போன கை

என் வலது கைக்குத் தனியாக ஒரு மூளை இருக்கிறது என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது இருக்கும் இடம்கூட எனக்குத் தெரியும்: முழங்கை முட்டியின் உட்புறம், கொட்டைப்பாக்கு அளவில். ஆதாரமும் வைத்திருந்தேன். அந்த இடத்தைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்டு அடிக்கும். உள்ளே யாரும் குடியில்லை என்றால் கரண்டு எதற்கு? இப்படி ஒரு கேள்வியைக் கேட்டு நானே என்னை மடக்கிக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பது தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகிவிட்டது, ஓட்டுப் போடும் வயதும் வந்து வெகுநாளாகிவிட்டது. இதெல்லாம் இருந்தும் ஒரு மனிதன் இவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மருந்தடிக்கும் வேலை. முதுகில் பம்ப்பைக் கட்டிக்கொண்டு, தேயிலைச் செடிகளின் இடுக்கில் புல்லுக்கு மருந்து அடிக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் வாடை போகாது. விரல் இடுக்குகளில் தோல் உரியும், ராத்திரியில் இருமல் வரும். கொழுந்து கிள்ளப் போகும் என் மனைவி, சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி உட்காருவாள். "சாப்புடுங்க, நா அப்பறமா சாப்புட்டுக்குறேன்" என்பாள். அவள் அதைக் கோபமாகச் சொன்னதில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கிண்டல் அடித்துச் சமாளித்திருப்பேன்.

அந்த நேரத்தில்தான் கொழுந்து லோரி ஓட்டும் இடம் காலியாகப் போகிற செய்தி வந்தது. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர் என் மனைவியின் அண்ணன். ரிங்லெட்டில் ஒரு தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், காய்கறி லோரி ஓட்டப் போகிறார், மாதக் கடைசியில் கிளம்புகிறார். லோரி லைசென்ஸ் என்னிடம் ஏற்கனவே இருந்தது. தாப்பாவில், சமதரையில், எதிரே எந்தத் துரையும் வராத ரோட்டில் எடுத்த லைசென்ஸ் அது. மச்சான் எனக்காகப் பேசினார். தோட்டத்து மேனேஜரான துரை சரி என்றார். மாதக் கடைசி வரைக்கும் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டும் என்று ஏற்பாடு.

இங்கே சலாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் துரை வெள்ளைக்காரர் இல்லை. அந்தக் காலம் போய்விட்டது. அவர் பினாங்குக்காரர், எங்களிடம் உடைந்த தமிழில் பேசுவார். ஆனால் ஆள் மாறினாலும் பட்டமும் மரியாதையும் மாறவில்லை. துரை வண்டி வந்தால் நடப்பவன் நிற்பான். உட்கார்ந்திருப்பவன் எழுந்திருப்பான். தலையில் துண்டு இருந்தால் இறங்கும். கை நெற்றிக்குப் போகும். இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்வதில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே இதுவும் முளைத்துவிடும். கோலி விளையாடும்போது நான் ஜெயிக்கப் போகிற நேரமாகப் பார்த்துத் துரை வண்டி வரும். எழுந்து சலாம் போட்டுவிட்டுக் குனிந்தால் கோலி இருக்காது.

பழக ஆரம்பித்து ஒரு வாரம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒரு காலையில் மேல் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பேக்டரிக்கு இறங்கினேன். ஒரு வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றினேன். நம் நாட்டில் ஸ்டீரிங் வலது பக்கம், கியர் இடது கைக்கு. ஆக, இடது கை கியரில் இருக்கிறது, வலது கை ஒன்றுதான் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிறது. அப்போது பார்த்து வளைவின் அந்தப் பக்கத்திலிருந்து துரையின் லேண்ட்ரோவர் வந்தது.

வலது கை சலாமுக்குப் போய்விட்டது.

இடது கை கியரில், வலது கை நெற்றியில், ஸ்டீரிங் முருகன் கையில். அவர் மேட்டுப் பக்கமாகத் திருப்பினார், அது எங்கள் நல்ல காலம். மறுபக்கம் பள்ளம். லோரி தேயிலைச் செடிகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. மூட்டைகள் உருண்டன. இத்தனை அமளியிலும் என் கை நெற்றியை விட்டு இறங்கவில்லை. துரை கடந்து போன பிறகுதான் இறங்கியது. மரியாதையில் குறை வைக்கவில்லை.

"யோவ் மாப்ள!" மச்சான் கத்தினார். "தொரைக்கு சலாம் வெச்சிட்டு அப்டியே எமனுக்கும் ஒரு வணக்கம் சொல்லிட்டு வரலாம்னு பாத்தியா?"

"நா வெக்கல மச்சான். அதுவா போச்சு."

"அதுவா போறதுக்கு அது என்ன மாடா? ஓங் கைதானலா!"

"நீங்க எப்புடி சலாம் வெக்கிறீங்க, வண்டி ஓட்டறப்ப?"

"தலைய ஆட்டுவேன். அவ்ளோதான். தொரையும் தலைய ஆட்டுவாரு. கைய எடுக்கச் சொல்லி யாரு சொன்னா ஒனக்கு?"

யாரும் சொல்லவில்லை. மறுநாள் தலையை ஆட்டிப் பார்த்தேன். தலையும் ஆடியது, கையும் போனது. மச்சான் பாய்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தார்.

இரண்டாவது தடவையைத் துரை நன்றாகப் பார்த்துவிட்டார். வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். திட்டவில்லை. மாதக் கடைசியில் தானே லோரியில் பக்கத்தில் உட்கார்ந்து வரப்போவதாகச் சொன்னார். "கை வீல் விட்டு எழும்புச்சி, நீ மருந்து பம்ப்புக்கு போ. சரியா?" என்றார். நியாயமான பேச்சு. சரி என்று சொல்லி அவருக்கும் ஒரு சலாம் வைத்தேன்.

அன்றுதான் எனக்குப் பீதி பிடித்தது. முழங்கை மூளையைக் கண்டுபிடித்ததும் அந்த இரண்டு நாட்களில்தான். கை என் சொல்லைக் கேட்கவில்லை, அதனால் அதற்கு வேறு முதலாளி இருக்கிறான் என்பது என் வாதம். நேராகத் தோட்டத்து மருந்தகத்துக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த டிரெசரிடம் முழங்கையைக் காட்டி, இதில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

டிரெசர் என்னை மேசை விளிம்பில் உட்கார வைத்து, கால் முட்டிக்குக் கீழே ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளியது.

"இப்ப துள்ளக் கூடாதுன்னு நெனச்சுக்க" என்று மறுபடி தட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தேன். கால் துள்ளி அவர் கோட்டில் பட்டது.

"போச்சு!" என்றேன். "காலுலயும் ஒண்ணு இருக்கு!"

"யோவ், கேளுய்யா. இது முதுகுத்தண்டோட முடிஞ்சு போற வேலை. தலைக்கு சேதி போயி சேர்றதுக்குள்ள கால் துள்ளியாச்சு. ஒன்னோட சலாம் அப்டி இல்ல. அது நீ பழகுனது, தலையில இருந்துதான் வருது. பழகுனத நிறுத்தலாம்."

"எப்புடி நிறுத்துறது?"

"அது எனக்குத் தெரிஞ்சா நா ஏன் இன்னும் சிகரெட் குடிக்கிறேன்?" என்றார். வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி வாசலில் நின்று, "ஐயயோ, தொர வர்றாரு!" என்று கத்தினாள். நான் அசையவில்லை. கை கிளாசோடு அப்படியே இருந்தது.

"பாத்தியா? சரியாயிடுச்சு" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு உதட்டைக் குவித்து, ஓட்டை சைலன்சரோடு மேடேறும் லேண்ட்ரோவர் மாதிரி சத்தம் எழுப்பினாள். என் கை கிளாசோடு நெற்றிக்குப் போனது. தேத்தண்ணி மூக்கு வழியாக இறங்கி சட்டைக்குள் போனது. அவள் சிரித்துச் சிரித்து முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெச்சதுதான் வெச்சீங்க, கிளாச கீழ வெச்சிட்டு வெக்கக் கூடாதா?"

சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. துரை என்ற வார்த்தைக்குக் கை அசையவில்லை. சத்தத்துக்கு அசைந்தது. பெண்டாட்டி வாயிலிருந்து வருகிற சத்தம் என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆனாலும் போய்விட்டது. அப்படியென்றால் எனக்குத் தெரிந்தது எதுவும் கைக்குப் போய்ச் சேரவில்லையா? அல்லது சேர்ந்தது, ஆனால் தாமதமாகச் சேர்ந்ததா?

"இன்னொரு தடவ சத்தம் போடு" என்றேன்.

"கிளாச குடுங்க மொதல்ல."

அவள் திரும்பத் திரும்பச் சத்தம் போட்டாள். நான் திரும்பத் திரும்பத் தோற்றேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தொண்டை வறண்டு, "எனக்கு முடியலங்க. நெஜ வண்டிதான் வேணும்னா ஞாயித்துக்கெழம கியா பார்முக்குப் போலாம். அங்க லேண்ட்ரோவரு ஈ மாதிரி மொய்க்குது" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. துரைகள் ஓட்டிக் கழித்த லேண்ட்ரோவர்களெல்லாம் கூரையை இழந்து, கதவை இழந்து, கியா பார்மில்தான் கோபிசு என்கிற முட்டைக்கோசும் மற்ற காய்கறியும் சுமந்துகொண்டிருந்தன. தானா ராத்தாவில் பஸ் ஏறிப் போய் இறங்கினோம். கடைகளுக்கு எதிரே, தோட்டங்களிலிருந்து வண்டிகள் ரோட்டில் ஏறும் இடமாகப் பார்த்து நின்றேன். வேலை ஒன்றுதான்: லேண்ட்ரோவர் வரும், நான் சலாம் வைக்கக் கூடாது.

முதல் வண்டி வந்தது. வைத்தேன். இரண்டாவது வந்தது. அதற்கும் வைத்தேன். அதை ஓட்டி வந்த சீனத் தவுக்கே குழம்பிப்போய், யாரோ வேண்டியவன் என்று நினைத்து, பதிலுக்குக் கையை உயர்த்தினார். திரும்பி வரும்போது அவரே முந்திக்கொண்டு சலாம் வைத்தார். மரியாதைக்கு நானும் வைக்க வேண்டியதாயிற்று.

ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, கோபிசுக்கெல்லாம் சலாம் வெக்கிறீங்களே, நேர்த்திக்கடனா?" என்றார்.

"கண்டுக்காதீங்கக்கா, பயிற்சி நடக்குது" என்றாள் என் மனைவி.

"எதுக்கு?"

"சலாம் வெக்காம இருக்கறதுக்கு."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, ஸ்ட்ராபெரிக் கூடைகளைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் மணிக்கணக்கில் அங்கே நின்றதில் சில விஷயங்கள் பிடிபட்டன. வண்டி தூரத்திலேயே தெரிந்துவிட்டால் கையை நிறுத்த முடிந்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தால் முடியவில்லை. வைக்காதே, வைக்காதே என்று உள்ளுக்குள் ஜபித்துக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாகப் போனது. ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு விரல்களை இறுக்கினால் கொஞ்சம் தங்கியது. மனைவி பக்கத்தில் நின்று பீன்ஸ் விலையைப் பற்றி ஏதாவது கேட்டால் போச்சு, பதிலை யோசிக்கிற நேரத்தில் கை தன் வேலையை முடித்திருக்கும். பசி நேரத்தில் ரொம்ப மோசம். சாப்பிட்டுவிட்டு வந்தால் தேவலை.

இன்னொன்று எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கை எழாமல் நிற்கிற போதும் தோளில் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. உள்ளே யாரோ கயிற்றைச் சுண்டிப் பார்ப்பது மாதிரி. ஆக, எழும்பு என்ற உத்தரவு ஒவ்வொரு தடவையும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அது ஒருபோதும் ரத்தாகவில்லை. பின்னாலேயே நில் என்று இன்னொரு உத்தரவு ஓடுகிறது. பிந்திக் கிளம்பினது முந்திப் போய்ச் சேர்ந்தால் கை நிற்கும். சேராவிட்டால் தவுக்கேக்குச் சலாம்.

பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் இதைப் பற்றிப் படித்தேன். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு மூளையின் முன்பக்கத்துக்கு, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிக்கு என்று எழுதியிருந்தது. கிளம்பச் சொல்லும் கட்டளைக்கும் நிறுத்தச் சொல்லும் கட்டளைக்கும் நடுவே ஓட்டப்பந்தயம் மாதிரி நடக்கிறது என்றும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கை போய் இடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் அந்த ஆள் நில் நில் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறான். முழங்கையில் யாருமே இல்லை. அங்கே தோலுக்கு அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது, இடித்தால் அதுதான் சுரீர் என்கிறது.

அடுத்த ஞாயிறும் போனோம். இந்தத் தடவை பனிக்குள்ளிருந்து வந்தவற்றில்கூடப் பெரும்பாலானவை சலாம் இல்லாமல் போயின. அந்தத் தவுக்கே கையை உயர்த்தினார். நான் விரல்களை இறுக்கிக்கொண்டு சும்மா நின்றேன். அவர் முகம் வாடிப் போனது. எனக்குப் பாவமாக இருந்தாலும் மனைவி கைதட்டினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் சிரிக்காமல் பேசினாள். "இது கெடைக்கலன்னா மறுபடியும் மருந்துதான?"

"மருந்துதான்."

"நேத்து ராத்திரி நீங்க இருமுனப்ப சொவத்தப் பாத்துப் படுத்திருந்தீங்க. நா தூங்கிட்டேன்னு நெனச்சீங்க" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் மடியில் வலது கை விரல்களை இறுக்கிப் பழகிக்கொண்டு வந்தேன்.

மாதக் கடைசி வந்தது. மேல் மலையில் பெண்கள் கொழுந்தைக் கொட்டி மூட்டைகளை ஏற்றினார்கள். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். துரை வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் விரல்களை இறுக்கிய இறுக்கில் ஸ்டீரிங் ஜூஸ் கொடுத்திருக்கும்.

துரையே வண்டிக்குள் இருப்பதால் துரை வண்டி எதிரே வராது என்று மச்சான் காலையில் தைரியம் சொல்லியிருந்தார். நானும் அதை நம்பி, பாதித் தூரம் நிம்மதியாக இறங்கினேன். அதே வளைவுதான். நல்ல பனிமூட்டம். கிளச்சை மிதித்தேன், இடது கை கியருக்குப் போனது, வலது கால் பிரேக் மேல் லேசாக இருந்தது. பனிக்குள்ளிருந்து அந்த ஓட்டை சைலன்சர் சத்தம் வந்தது. சத்தத்தின் பின்னாலேயே துரையின் லேண்ட்ரோவர் வந்தது, நடு ரோட்டில்.

தோளில் கயிறு சுண்டியது. விரல்கள் இறுகின. கை எழவில்லை! எழவில்லை என்று நான் உள்ளுக்குள் கூவினேன். கூவிக்கொண்டிருக்கும்போதே என் தலை லோரிக் கூரையில் டமார் என்று மோதியது.

நான் எழுந்து நின்றிருந்தேன்.

கியா பார்மில் நான் பழகியதெல்லாம் நின்றுகொண்டு. நிற்கிறவனுக்கு எழுந்திருக்கிற வேலை இல்லை. அதனால் அதை நிறுத்தப் பழகவே இல்லை. முன்பெல்லாம் கை முந்திக்கொண்டு மரியாதையை முடித்துவிடும், உடம்புக்கு வேலை வராது. சீட்டில் உட்கார்ந்திருந்த என் உடம்பு, கையை விட்டுவிட்டு, மிச்ச மரியாதையைத் தானே செய்துவிட்டது. எழுந்தபோது என் மொத்தப் பாரமும் கிளச்சிலும் பிரேக்கிலும் இறங்கியது. லோரி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. லேண்ட்ரோவரும் கிறீச்சிட்டு நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான்.

நான் குனிந்த தலையோடு, கூரையில் முதுகு முட்ட நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன் எந்திரிச்சே?" என்றார் துரை.

"தொர வண்டிங்கய்யா."

"தொர இங்க இருக்கேன்."

"ஆமாங்கய்யா."

"அங்க யாரு இருக்கு?"

அப்போதுதான் எதிரே சரியாகப் பார்த்தேன். பங்களாத் தோட்டக்காரர் ஓட்டி வந்திருந்தார். பக்கத்து சீட்டில் துரையின் நாய், ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய களைப்பில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தது.

"நாய்ங்கய்யா" என்றேன்.

துரை வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு என் வலது கையைக் காட்டினார். அது இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"கை வீல்லதான் இருக்கு. நா சொன்னது கைதான்" என்றார். "உக்காரு. வண்டி எடு."

அன்று கை எழும்பாமல் நிறுத்தியது நான்தான். லோரியை நிறுத்தியது நான் இல்லை, பிரேக் மேல் விழுந்த என் எடை. துரை இரண்டையும் என் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. அடுத்த வாரம் மருந்து பம்ப்பை வேறொருவர் முதுகில் கட்டினார்கள், நான் கொழுந்து லோரி ஓட்டினேன்.